கடலுக்குக் குறுக்கே டேட்டா: லேசரா, ரேடியோவா, ஃபைபரா?

மண்டபத்தில் அலுவலகம், பாம்பனில் குளிர்பதனக் கிடங்கு. கரையில் இறால் குஞ்சு பொரிப்பகம், கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் அதன் குளங்கள். ராமநாதபுரம் கடற்கரையில் இப்படி நீரோ உப்பளமோ குறுக்கே கிடக்கும் இரண்டு இடங்களை இணைக்க நினைப்பவர்கள் பலர். அவர்களிடம் விற்பனையாளர் முதலில் நீட்டுவது லேசர் லிங்க், அதாவது கேபிள் இல்லாமல் ஒளிக்கதிரில் டேட்டா அனுப்பும் இணைப்பு. குழி தோண்ட வேண்டாம், அலைக்கற்றைக் கட்டணம் இல்லை, நொடிக்கு ஜிகாபிட் கணக்கில் வேகம் என்கிறார். சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் நவம்பர் மழையையும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றையும், உப்பையும் பற்றி அவர் பேசுவதில்லை. இங்கே முடிவைத் தீர்மானிப்பவை அந்த மூன்றும்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், உண்மையில் எவ்வளவு டேட்டா போகிறது என்று கணக்கிடுங்கள். நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் கேமராக்கள் 16 இருந்தால் மொத்தம் 64 மெகாபிட். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 690 ஜிகாபைட். பத்து ஜிகாபிட் கேட்டு வருபவர்களில் பலருக்கு நிஜத் தேவை நூறு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது, லிங்க் எவ்வளவு நேரம் அறுந்திருந்தால் பொறுக்கலாம் என்பது. கேமராப் பதிவு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால் குடி முழுகாது. குளத்து நீரில் காற்றேற்றும் ஏரேட்டர் நின்றுபோன அலாரம் தாமதமானால் குளத்து இறால் விடிவதற்குள் மிதக்கும். அலாரத்துக்கு வேண்டியது சில பைட்டுகள்தான், ஆனால் அது எந்த மழையிலும் போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டு வகை டேட்டாவையும் ஒரே வழியில் அனுப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. இதைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, கருவி உட்காரும் இடம்: கான்கிரீட் கட்டடமா, இரும்புக் கம்பமா? நான்காவது, வாரம் ஒருமுறை ஏறித் துடைக்க ஆள் உண்டா? மண்டபம், பாம்பன் பகுதி நாட்டிலேயே துரு மிகுந்த இடங்களில் ஒன்று. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, உலோக அரிப்புச் சோதனை நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பதே அதனால்தான். பராமரிப்புச் செலவைக் கடைசி வரியாக எழுதாமல் முதல் வரியாக எழுதுங்கள்.

## லேசர்

இரு முனையிலும் ஒரு பெட்டி. ஒன்று அகச்சிவப்புக் கதிரை அனுப்பும், மற்றது லென்ஸில் வாங்கும். நல்ல கருவிகள் 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்குகின்றன. அந்த ஒளியைக் கண்ணின் முன்பகுதியில் உள்ள நீரே உறிஞ்சிவிடுவதால் விழித்திரை வரை போகாது. ஆகவே 850 நானோமீட்டர் கருவியைவிடப் பல மடங்கு அதிகத் திறனைப் பாதுகாப்பாக அனுப்பலாம்.

இப்போது மழைக் கணக்கு. ஒளியின் இழப்பை டெசிபலில் அளப்பார்கள்; ஒவ்வொரு 10 டெசிபல் இழப்புக்கும் திறன் பத்தில் ஒரு பங்காகிவிடும். அனுப்பும் திறனுக்கும், வாங்கும் முனை புரிந்துகொள்ளும் குறைந்தபட்சத் திறனுக்கும் இடைவெளி 50 டெசிபல் என்று கொள்வோம். கதிர் ஒரு மில்லிரேடியன் விரிகிறது; அதாவது 1 கி.மீ.யில் 1 மீட்டர் அகலம். வாங்கும் லென்ஸ் 15 செ.மீ. கண்ணாடிகளிலும் குறி பிசகலிலும் 7 டெசிபல் போய்விடும். கதிர் விரிவதால் இழப்பது 1 கி.மீ.யில் 16.5, 2 கி.மீ.யில் 22.5, 3 கி.மீ.யில் 26 டெசிபல். மிச்சம் இருப்பதைத்தான் மழை தின்னலாம். மழை வலுக்க வலுக்க ஒவ்வொரு கி.மீ.க்கும் இழப்பு கூடுகிறது: மணிக்கு 25 மி.மீ. மழையில் சுமார் 9 டெசிபல், 50 மி.மீ.யில் 15, 100 மி.மீ.யில் 23.

| தூரம் | மழைக்கு மிஞ்சும் டெசிபல் | தாங்கும் மழை (மணிக்கு) |
|---|---|---|
| 1 கி.மீ. | 26.5 | சுமார் 120 மி.மீ. |
| 2 கி.மீ. | 20.5 | சுமார் 29 மி.மீ. |
| 3 கி.மீ. | 17 | சுமார் 12 மி.மீ. |

ஒரு கி.மீ.க்கும் இரண்டு கி.மீ.க்கும் நடுவே எவ்வளவு பெரிய சரிவு பாருங்கள். தூரம் இரட்டித்தால் தாங்கும் மழை நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் பெய்தது. அப்படிப்பட்ட நாளில் 2 கி.மீ. லேசர் நிற்காது. மற்ற ஊர்களில் லேசருக்கு எமன் மூடுபனி. நம் கரையில் அது அரிது. அந்த ஒரு வரம் நமக்கு உண்டு. ஆண்டில் ஒன்பது மாதம் லேசருக்கு இது நல்ல வானம்.

மழையைவிட அதிகம் தொல்லை தருவது ஆட்டம். இழுகம்பி கட்டிய 12 மீட்டர் கம்பம் கச்சானில் அரை டிகிரி முறுக்கினால், 2 கி.மீ. தாண்டிக் கதிர் 17 மீட்டர் விலகிப்போகும். கதிரின் அகலமோ 2 மீட்டர். அதனால் லேசர் தலையைக் கம்பத்தில் கட்டாதீர்கள். கட்டடத்தின் தூண் மேலேறி முடியும் மூலையில், கான்கிரீட்டில் கெமிக்கல் ஆங்கர் போல்ட் இறக்கி மாட்டுங்கள். செங்கல் கைப்பிடிச்சுவர் போதாது. தானே குறியைத் திருத்திக்கொள்ளும் கருவிகளும் உண்டு. அவை நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் விலை ஏறும். அசையும் பாகம் ஒன்று உப்புக் காற்றில் நிற்கும்.

மாட்டும் இடம் மொட்டைமாடியின் நடுவில் இருக்கக் கூடாது, விளிம்பில் இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்த தளத்தை ஒட்டிக் கதிர் போனால், மேலெழும் அனல் அதைச் சிதறடிக்கும். மணல்வெளிக்கு மேலும் இதே கதி. மூன்று நான்கு கதிர்களைச் சேர்த்து அனுப்பும் தலை இந்தச் சிதறலைப் பெரிதும் சமாளிக்கும். கடல்நீருக்கு மேலே அனல் குறைவு என்பது நமக்குச் சாதகம்.

குறி பிடிப்பது அதிகாலையில் நடக்கட்டும். சிக்னல் உச்சத்தில் இருக்கிறது என்று அங்கேயே இறுக்கிவிடாமல், இடம் வலம் இரு பக்கமும் திருப்பி சமமாக விழும் புள்ளிகளைக் கண்டு நடுவில் நிறுத்துங்கள். பிறகு மேல் கீழ். அடுத்த நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி பாருங்கள். வெயில் படும் பக்கம் கட்டடம் விரிவதால் குறி நகர்ந்திருக்கும்.

மண்டபம், பாம்பன் இரண்டும் ஏறத்தாழக் கிழக்கு மேற்காக அமைந்தவை. மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் கிழக்கே உதித்து நேர் மேற்கே அடைகிறது. மண்டபத்துப் பெட்டி காலையிலும் பாம்பன் பெட்டி மாலையிலும் சூரியனை நேருக்கு நேர் பார்க்கும். அந்தச் சில நாட்களில் சில நிமிடம் லிங்க் போகும். பாதையின் கோணம் ஒரு டிகிரி மாறினால் தேதி இரண்டு மூன்று நாள் நகரும். வடக்கிலிருந்து 66 டிகிரிக்கும் 114 டிகிரிக்கும் இடையே விழும் பாதைகளுக்கும், அவற்றின் எதிர்த்திசைக்கும் மட்டுமே இந்தச் சிக்கல். வடக்கு தெற்காகப் போகும் லிங்குக்கு இல்லை.

உப்பு லென்ஸில் படலமாகப் படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புப் படிகமே கண்ணாடியின் பூச்சைக் கீறிவிடும். முதலில் பேட்டரி தண்ணீரைத் தெளித்து உப்பைக் கரைத்து ஓடவிட வேண்டும். பிறகு நூல் உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு நடுவிலிருந்து வெளிப்புறமாக ஒற்றி எடுக்க வேண்டும். வெளிமூடிக்குள் சிலந்தி வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். போல்ட்கள் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அலுமினியத் தாங்கியோடு அவை சேரும் இடத்தில் நைலான் வாஷர் போடாவிட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

கண் பாதுகாப்பு. கருவியின் வகுப்பு 1 என்றால் கவலையில்லை. 1எம் என்றால் வெறுங்கண்ணுக்கு ஆபத்தில்லை, பைனாகுலர் வழியே பார்த்தால் ஆபத்து. படகில் பைனாகுலர் வைத்திருப்பவர்கள் உள்ள கடல் இது. 1எம் கருவியைப் படகுகளின் மட்டத்துக்கு நன்றாக மேலே வையுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருப்பதால், அந்தச் சுற்றுவட்டத்தில் உயரமான அமைப்பு எதையும் நிறுத்துமுன் அனுமதி கேட்பது அவசியம். பாம்பன் கால்வாயைக் கடக்கும் பாதையானால், 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலேறும்போது கதிரை மறிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

லேசர் எங்கே சிறக்கிறது? ஃபைபர் ஊர் சுற்றி வர வேண்டிய இடத்தில். காங்கோ ஆற்றின் இரு கரையில் பிராசவில், கின்ஷாசா நகரங்கள் எதிரெதிரே நிற்கின்றன. கேபிள் போக 400 கி.மீ.க்கு மேல் சுற்றுவழி. அங்கே கூகுள் குழுமத்தில் பிறந்த டாரா திட்டத்தின் லேசர் லிங்க் 4.8 கி.மீ. ஆற்றைத் தாண்டி 20 நாளில் சுமார் 700 டெராபைட் கடத்தியது. கழிமுகத்துக்கு அப்பாலுள்ள இறால் குளங்கள் ஏறக்குறைய இதே நிலைமையில்தான் இருக்கின்றன. பாலம் உள்ள பாம்பன் அப்படியல்ல.

## 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ

பார்க்க எளிய கருவி, ஆனால் இந்தக் கரைக்குப் பொருத்தமானது. 2018 முதல் 5 ஜிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதிக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. மணிக்கு 100 மி.மீ. மழையில்கூட இழப்பு கி.மீ.க்கு சுமார் 1 டெசிபல்தான். 60 செ.மீ. தட்டு ஆன்டெனாவின் கதிர் 6 டிகிரி அகலம். கம்பம் அரை டிகிரி ஆடினாலும் ஒன்றும் ஆகாது. 2 கி.மீ.யில் நொடிக்கு 150 முதல் 400 மெகாபிட் கிடைக்கும். விலை சில பத்தாயிரம் ரூபாய்.

இதன் மறைமுகச் சிக்கல் கடலேதான். அலை அடங்கிய நீர்ப்பரப்பு கண்ணாடிபோல ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும். நேராக வந்ததும் நீரில் பட்டு வந்ததும் மோதிக்கொண்டால் சிக்னல் விழும். நல்ல வெயிலில், காற்றே இல்லாத நாளில் லிங்க் தடுமாறி, காற்று எழுந்ததும் சரியானால் காரணம் இதுதான். ஒரு முனையை உயரத்திலும் மற்றதைத் தாழ்விலும் வைத்து, அலை பட்டுத் திரும்பும் இடத்தைத் தாழ்ந்த முனையின் கரைப்பக்கம் தள்ளுங்கள். மேடான கரையோ கட்டடமோ அதை மறைத்துவிடும். நேர்ப்பார்வை இருந்தால் மட்டும் போதாது. 2 கி.மீ. பாதையின் நடுவே கதிரைச் சுற்றி 5 மீட்டர் வெட்டவெளி வேண்டும். தென்னை ஓலை அதற்குள் நீட்டக் கூடாது.

இன்னொன்று ராடார். 5250–5350, 5470–5725 மெகாஹெர்ட்ஸ் சானல்களில் ராடார் சிக்னல் வந்தால் கருவி உடனே விலகிக்கொள்ளும். வேறு சானலுக்குத் தாவி, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகே பேசத் தொடங்கும். கடற்படையும் கடலோரக் காவல்படையும் இயங்கும் கரையில் இந்தத் தாவல் அடிக்கடி நடக்கலாம். 5725-க்கு மேலுள்ள சானலைத் தேர்ந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் ராமேஸ்வரம் விடுதிகளின் வைஃபை நெரிசலில் சிக்குவீர்கள். எது குறைந்த தொல்லை என்று ஒரு வாரம் அலசிப் பார்த்து முடிவெடுங்கள்.

60 ஜிகாஹெர்ட்ஸ் கருவியை யாராவது சிபாரிசு செய்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனே கி.மீ.க்கு 15 டெசிபல் உறிஞ்சிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். சில நூறு மீட்டருக்கு மேல் அது வேண்டாம்.

## ஃபைபர்

பாதை கிடைத்தால் இதற்கு இணை இல்லை. 1310 நானோமீட்டரில் கி.மீ.க்கு 0.35 டெசிபல் இழப்பு. மழை, காற்று, சூரியன் எதுவும் ஒரு பொருட்டில்லை. செலவு கண்ணாடி இழையில் இல்லை, பாதையில் இருக்கிறது. பாலத்தின் மேல் சொந்தக் கேபிள் கொண்டுபோக ரயில்வேயோ நெடுஞ்சாலைத் துறையோ அனுமதிக்க வேண்டும். ஒரு தனி நிறுவனத்துக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.

ஆனால் ராமேஸ்வரம் தீவுக்கு ஃபைபர் ஏற்கெனவே வந்துவிட்டது. இரு முனையிலும் வீட்டு ஃபைபர் இணைப்பு வாங்கி, நடுவில் விபிஎன் (பொது இணையத்தின் ஊடே போகும் தனிப்பாதை) போட்டால் மண்டபம் பாம்பன் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரு முனைக்காவது நிலையான ஐபி முகவரி கேட்டு வாங்குங்கள். அப்லோட் வேகத்தை மாலை எட்டு மணிக்குச் சோதியுங்கள். ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகள் பங்கிடும் அமைப்பு அது.

சொந்தக் கேபிள் போடுவதானால் உலோகம் கலக்காத வகையை வாங்குங்கள், இடி இறங்காது. இரண்டு இழை தேவையென்றால் ஆறு இழை போடுங்கள். வெட்டுப்படுவது ஜேசிபியால், பாழாவது இணைப்புப் பெட்டியில் உப்புநீர் புகுந்து. பெட்டியை நவம்பர் வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சாட்டிலைட்டும் மொபைல் டேட்டாவும் முதன்மை வழியாக இங்கே வேண்டாம். 35,786 கி.மீ. மேலிருக்கும் செயற்கைக்கோள் வழியே போய்த் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும். அலாரம் அனுப்ப மட்டும் ஒரு சிம் கார்டு வைத்திருப்பது நல்லது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | லேசர் | ரேடியோ | ஃபைபர் |
|---|---|---|---|
| 2 கி.மீ.யில் வேகம் | 1 ஜிகாபிட்டும் மேலும் | 150–400 மெகாபிட் | 1 ஜிகாபிட்டும் மேலும் |
| கனமழை | அறும் | தாங்கும் | பாதிப்பில்லை |
| ஆடும் கம்பம் | கூடாது | பரவாயில்லை | பொருந்தாது |
| முதல் செலவு | லட்சங்களில் | பத்தாயிரங்களில் | பாதையைப் பொறுத்து |
| மறைந்த செலவு | வாரந்தோறும் லென்ஸ், துணை லிங்க் | கடல் எதிரொலிப்பு, ராடார் தாவல் | அனுமதி, வெட்டு, இணைப்புப் பெட்டி |

## அறுந்த நேரத்து டேட்டா எங்கே இருக்கும்

லேசர் லிங்க் போடுவோர் மறக்கும் பாதி இதுதான். கதிருக்குள்ளேயே டேட்டாவைச் சுற்றவிட்டுச் சேமிக்கலாமே என்ற கேள்வியும் வருகிறது. கணக்குப் பாருங்கள்: ஒரு ஜிகாபிட் வேகத்தில் 2 கி.மீ. பாதையில் எந்த நொடியிலும் பயணத்தில் இருப்பது சுமார் 830 பைட். 2023 டிசம்பரில் நாசாவின் சைக்கி விண்கலம் 3.1 கோடி கி.மீ. தொலைவிலிருந்து 267 மெகாபிட் வேகத்தில் லேசரில் வீடியோ அனுப்பியது. ஒளி வந்துசேர 101 நொடி. வழியில் இருந்தது 3.4 ஜிகாபைட்தான். அந்த வீடியோவே ஏவுமுன் கலத்தில் பதிந்து வைத்திருந்தது. ஒளி கடத்தும், சேர்த்துவைக்க டிஸ்க் வேண்டும்.

ஆகவே கேமரா இருக்கும் முனையிலேயே பதியுங்கள், லிங்க் இருக்கும்போது அனுப்புங்கள். இப்படிச் செய்தால் லேசரின் பலவீனம் பெரிதும் மறைந்துவிடும். அதே 64 மெகாபிட் கேமராக்கள், மழையில் இரண்டு மணி நேரம் லிங்க் இல்லை. தேங்கியது 57.6 ஜிகாபைட். ஒரு ஜிகாபிட் லேசர் திரும்ப வந்ததும், புதுப் பதிவையும் அனுப்பிக்கொண்டே எட்டு நிமிடத்தில் பாக்கியைத் தீர்த்துவிடும். 150 மெகாபிட் ரேடியோவுக்கு இதே வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். புயலில் இரண்டு நாள் மின்சாரம் போய், இன்வெர்ட்டரில் கேமராவும் பதிவுப் பெட்டியும் மட்டும் ஓடினால் தேங்குவது 1.38 டெராபைட்: லேசரில் 3.3 மணி நேரம், ரேடியோவில் 36 மணி நேரம். டேட்டா நிறைய, அவசரம் குறைவு என்ற இடத்தில் லேசருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. அதோடு அலாரத்துக்கு ஒரு சிறிய ரேடியோ சேர்த்துவிட்டால் அமைப்பு முழுமையாகும்.

டிஸ்க்கையே பைக்கில் கொண்டுபோவதும் ஒரு வழிதான். 4 டெராபைட் டிஸ்க்கை ஒரு மணி நேரத்தில் கொண்டுசேர்த்தால் நொடிக்கு 8.9 ஜிகாபிட். ஆனால் நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் பதிய 7.4 மணி, அங்கே இறக்க இன்னொரு 7.4 மணி. எல்லாம் சேர்த்தால் 560 மெகாபிட் தேறும். மாதம் ஒருமுறை என்றால் இதுவே மலிவு.

நெடுங்காலம் வைக்க வேண்டியதற்கு லேசரால் எழுதும் புளூ-ரே தட்டு நினைவுக்கு வரும். கேமராப் பதிவுக்கு அது ஆகாது. ஒரு நாள் பதிவுக்கே 25 ஜிகாபைட் தட்டுகள் 28 வேண்டும். பதிவேடு, நீர்ப் பரிசோதனைக் கணக்கு, ஆய்வுத் தரவு போன்றவற்றுக்குப் பொருந்தும். ஈரப்பதம் ஹார்ட் டிஸ்க்கைத் தாக்கும் அளவு அதைத் தாக்காது. ஆனால் சோனி பதிவுத் தட்டு உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. தட்டும் டிரைவும் இனி குறையும். இப்போது எழுதுவதானால் டிரைவ் ஒன்றைக் கூடுதலாக வாங்கி, சிலிக்கா ஜெல் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இரண்டாவது பிரதியைக் கரையிலிருந்து விலகி, மதுரையிலோ பரமக்குடியிலோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

எந்த லிங்க் போட்டாலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். லென்ஸை இரண்டு மணி நேரம் மூடிவையுங்கள். அலாரம் ரேடியோ வழியே போகிறதா, பதிவு முனையிலேயே தேங்குகிறதா என்று பாருங்கள். திறந்த பிறகு எத்தனை நிமிடத்தில் பாக்கி தீர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடம் வர வேண்டிய இடத்தில் மூன்றரை மணி நேரம் ஆனால், குறை பெரும்பாலும் லேசரில் இருக்காது. 100 மெகாபிட் சுவிட்ச் ஒன்று நடுவில் மாட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். டிஸ்க்கின் வேகத்தை அதற்குப் பிறகு பாருங்கள்.